முதல் குதிரை வாங்குவதற்கு முன் அந்தியூருக்கு ஒரு நடை

அம்மணி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் விளங்க வேண்டும் அல்லவா. பெருந்துறைப் பக்கம் வீடு, திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை, வயது 25. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் மேலாளருக்குப் பரிசாகக் கொடுத்த சாண் உயரக் குதிரைப் பொம்மையைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. எதை முதலில் வாங்குவது, நம் ஊர் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது, இதில் பணம் போடுவது தகுமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். "அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினால் வருஷம் திரும்புவதற்குள் இரண்டாகும்" என்று உங்கள் அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கோபிப் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அலமாரியில் இப்போது 47 குதிரைகள் நிற்கின்றன. அவற்றில் குறைந்தது பதினைந்து நான் வாங்கியிருக்கவே கூடாதவை. ஆசைப்பட்ட வேகத்தில், குதிரையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் வாங்கியவை அவை. அதனால் என் பதில் கொஞ்சம் சுற்று வழியாகத்தான் போகும்.

உங்கள் அலுவலகத்தில் இருப்பது, நீங்கள் சொன்ன அளவையும் வயிற்றடியில் இருக்கும் முத்திரையையும் வைத்துப் பார்த்தால், பிரேயர் குதிரை. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வீடு அதுதான். சிகாகோவில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை செய்துகொண்டிருந்த அந்த நிறுவனம், 1950 வாக்கில் ஒரு கடிகார நிறுவனத்துக்காக, கடிகாரத்தின் பக்கத்தில் நிற்க ஒரு குதிரையை வார்த்துக் கொடுத்தது. கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையைத் தனியாகத் தருவீர்களா என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அச்சு கையில் இருந்தது; தொழில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஜெர்மனியின் ஷ்லைக் இன்னொரு பெரிய பெயர். அது 1935-இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடையது சின்னதாக, கெட்டி ரப்பர் போன்ற பிவிசியில் வரும். நம் ஊர்ப் பெரிய பொம்மைக் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த வகைதான். பிரேயரின் வழக்கமான பெரிய குதிரை செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில், உள்ளே கூடாக, இரண்டு பாதியாக வார்த்து ஒட்டி, ஒட்டிய கோட்டைத் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தெளித்துச் செய்யப்படுவது. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். வெயில் பேச்சு வரும்போது தேவைப்படும்.

அளவுதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம். குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்முகடு வரைதான் அளப்பார்கள், தலை வரை அல்ல. அளவைக்குப் பெயர் 'கை'. ஒரு கை என்பது 4 அங்குலம். 15 கைக் குதிரை என்றால் 60 அங்குலம், 152 சென்டிமீட்டர். பிரேயரின் பெரிய வரிசை நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு, ஆகவே அந்தக் குதிரை 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு வரிசையில் 12.7. இருபத்து நான்கில் ஒரு பங்கானால் 6.3. 1975-இல் வந்த குட்டி வரிசை முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை; உள்ளங்கையில் நான்கைந்தை நிறுத்தலாம். ஒரே அளவில் சேர்த்தால் அலமாரியில் ஒரு மந்தை நிற்கும். கலந்து சேர்த்தால் கழுதைக்குட்டியும் யானையும் ஒரே வரிசையில் நிற்பது போல இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது முப்பத்திரண்டில் ஒரு பங்குதான். பெரியது ஒன்று வாங்கும் பணத்துக்கு ஏறக்குறைய பத்துச் சின்னது வரும், இடமும் அடைக்காது. பெரியதின் மேல்தான் ஆசை என்றால் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றும் வாங்குவதற்கு முன்னால் ஆடி வரட்டும். அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழா, அதோடு சேர்ந்த குதிரைச் சந்தை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை பிடித்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரேயர் குதிரை சேகரிப்பவர்களின் பெருந்திருவிழா அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், 1990 முதல் ஜூலையில் நடக்கிறது. அங்கே பொம்மைக் குதிரைக்காக ஆயிரக்கணக்கானவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் பலர் ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். உங்களுக்கு அது ஒரு மணி நேர பஸ் பயணத்தில், வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது.

அங்கே என்ன பார்ப்பது? முதலில் வெள்ளைக் குதிரையின் மூக்கு. நான் பத்து வருடம் வெள்ளைக் குதிரை வரைந்து பாடம் நடத்தியவன். அந்தியூரில் ஒரு குதிரைக்காரர் கையைப் பிடித்துக் காட்டும்வரை எனக்கு இது தெரியாது. இரண்டு வெள்ளைக் குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தார். ஒன்றின் மூக்கும் கண்ணைச் சுற்றிய தோலும் கரிச்சட்டி போலக் கறுப்பு, மற்றொன்றுக்கு இளஞ்சிவப்பு. "வாத்தியாரே, இது வெளுத்தது, அது வெள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கறுத்த மூக்குக்காரன் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயதாக ஆக மயிர் வெளுத்தவன், தோல் மாறாது. வெளுக்கும் நடு வயதில் தொடையிலும் விலாவிலும் வட்ட வட்டமாகப் புள்ளி விழும். சிவந்த மூக்குக்காரன் பிறவி வெள்ளை. நொக்ரா என்று சந்தையில் பெருவிலை சொல்வது இவனுக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். என்னிடம் இருந்த நான்கு வெள்ளைக் குதிரைகளில் ஒன்றில், உடம்பெல்லாம் வெளுக்கும் புள்ளி போட்டு, மூக்குக்கு மட்டும் ரோஜா வண்ணம் அடித்திருந்தார்கள். அதுவரை என் கண்ணுக்கு அதுதான் அழகான குதிரை.

அடுத்து காது. குஜராத்தின் காத்தியவார், ராஜஸ்தானின் மார்வார் குதிரைகளின் காது உள்நோக்கி வளைந்து, நுனி நுனியைத் தொடும். பிளாஸ்டிக்கில் இது சவாலான இடம். அச்சிலிருந்து பிரிக்கும்போது மெல்லிய நுனி ஒடியும் என்று பயந்து காதைத் தடிப்பாக வார்த்துவிடுவார்கள். குதிரைத் தலையில் வெண்டைக்காய் வைத்தது போல இருக்கும். பிறகு நிறம். உடம்பு செம்பழுப்பாக இருந்து பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பானால் அது ஒரு நிறம். வடக்கு வியாபாரிகள் கும்மைத் என்பார்கள். உடம்பு அதே செம்பழுப்பு, பிடரியும் வாலும் காலும் செம்பழுப்புதான் என்றால் அது வேறு நிறம். மலிவுப் பொம்மைகளில் கறுத்த பிடரியும் சிவந்த காலுமாக இரண்டையும் கலந்து அடித்திருப்பதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

சுழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஆட்கள் குதிரையோ மாடோ, முதலில் சுழியைத்தான் தேடுவார்கள். நெற்றியில் எங்கே, கழுத்தில் எத்தனை, எது ராசி, எது ஆகாது என்று அது ஒரு தனிச் சாத்திரம். எந்தத் தொழிற்சாலைக் குதிரையிலும் சுழி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சுழி இல்லாத நெற்றி எனக்கு இப்போது மொட்டையாகத் தெரிகிறது. கைவினைஞர் ஒருவர் தாமே வண்ணம் தீட்டிய குதிரையில் நெற்றிச் சுழியைப் பென்சில் முனையளவு கோடுகளால் போட்டிருந்தார். விலையைப் பற்றி யோசிக்காமல் வாங்கினேன்.

காலடி வைப்பு நான்காவது. நாலுகால் பாய்ச்சலில் குதிரை நான்கு குளம்பையும் தரையிலிருந்து எடுக்கிறதா என்று பெரிய வாதம் நடந்த காலம் ஒன்று உண்டு. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி அதைத் தீர்த்து வைத்தார். எடுக்கத்தான் செய்கிறது, ஆனால் முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் நீட்டியிருக்கும்போது அல்ல, நான்கும் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது. அதற்கு முந்திய ஓவியங்களில் குதிரை மரக்குதிரை போல விரிந்து பறக்கும். இன்றைய பொம்மைகளிலும் அந்தப் பிழை சாகவில்லை. அப்படி ஒன்றைப் பார்த்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

சேணத்துக்கு வந்தால் பேச்சு நீளும். சென்னை அண்ணா சாலையில் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். சேலம் உள்ளிட்ட பாராமகாலில் 1792 முதல் வேலை பார்த்து, பிற்பாடு சென்னை கவர்னரானவர். 1839-இல் அந்தச் சிலை நின்றது. கால் வைக்க அங்கவடியே இல்லை. பெரிய சிற்பியே விட்டுவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றும் பேச்சு ஓயவில்லை. சிறு குதிரைக்குச் சேணம் செய்யத் தொடங்கினால் நீங்களும் முதலில் அங்கவடியைத்தான் மறப்பீர்கள். ஒன்பதில் ஒரு பங்குக் குதிரைக்குக் கடிவாள வார் 2 மில்லிமீட்டர் அகலம் வந்தாலே தடிப்பு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கழித்த தோல் பட்டைகளைக் கேட்டு வாங்கி, உள்பக்கத்தைப் பிளேடால் சீவி மெலிதாக்கிக்கொள்கிறேன். ஓடாநிலையில் ஆடி 18-இல் தீரன் சின்னமலைக்கு விழா எடுக்கும்போது ஊரெங்கும் அவர் குதிரைமேல் இருக்கும் படம் ஒட்டுவார்கள். ஒவ்வொரு படத்திலும் சேணம் ஒவ்வொரு மாதிரி. ஒரு வருடம் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் வரைந்து வைத்தேன்.

நம் பக்கத்துக் குதிரையை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. முனியப்பன், கருப்பண்ணசாமி கோயில்களில் வேண்டுதலுக்கு எடுத்து வைக்கும் உருவாரங்களில் மண் குதிரை உண்டு. அது பாய்வதில்லை, காலைத் தூக்குவதுமில்லை. நான்கு காலும் உரல் போல நேராக ஊன்றி, கழுத்தில் சலங்கை மாலையோடு, இரவில் சாமி ஏறிப் போவதற்காகக் காத்து நிற்கும். மண்ணின் எடை அப்படி நிற்கத்தான் விடும்; மூன்று காலில் நிறுத்தினால் சூளைக்குப் போகும் முன்பே சாய்ந்துவிடும். கால்களைச் சக்கரத்தில் குழாயாகச் சுற்றி எடுத்து, உடம்பைத் தனியாகச் செய்து, ஈரத்தோடு ஒட்டி, காற்றுப் போக ஓட்டை விட்டுச் சுடுவார்கள். கோயிலில் வைத்த உருவாரம் காலொடிந்து புதரில் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். அது ஒருவருடைய பிள்ளைக்கோ மாட்டுக்கோ செய்த வேண்டுதல். பழம்பொருள் என்று சொல்லி அதை விற்பவரிடமும் வாங்காதீர்கள். மண் வேலை செய்பவரிடம் நேரே போய், முழ உயரத்துக்கு ஒன்று வேண்டும் என்று முன்பணம் கொடுத்தால் அடுத்த சூளையில் சுட்டுத் தருவார். வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நன்றாக வெந்தது, சொத்தென்றால் உள்ளே விரிசல். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் வருவது குதிர், அதாவது மணல் மேடு என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் என் மண் குதிரையை ஈரத்துணியால் துடைக்க நான் யாரையும் விடுவதில்லை, உலர்ந்த தூரிகைதான்.

இனி வெயில். ஒரு சித்திரையில் பெரிய பிரேயர் ஒன்றையும் பிவிசிக் குட்டிக் குதிரை ஒன்றையும் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, கரூரில் ஒரு கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தால் குட்டி முன்னங்கால் மடித்துத் தொழுகிறது. பெரியது விலாப் பக்கம் லேசாக உப்பியிருந்தது. அசிடேட் குதிரையின் உள்ளே காற்று இருக்கிறது. அது சூட்டில் விரியும்போது வெளியேறத்தான் நாசியிலோ வாயோரத்திலோ ஊசித்துளை வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் அந்தத் துளையை வண்ணம் அடைத்திருந்தது. உப்பியது உப்பியதுதான். குட்டியை மட்டும் காப்பாற்றினேன். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலான வெந்நீரில் காலை மட்டும் அரை நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் வைத்தால் அப்படியே இறுகிவிடும். இதே வைத்தியம் மெல்லக் கோணிய அசிடேட் காலுக்கும் ஆகும். அவசரப்பட்டு வளைத்தால் வண்ணம் வெடிக்கும்.

அலமாரி மேற்குச் சுவரில் வேண்டாம். வெயில் நேரே பட்டால் வெள்ளை மஞ்சளாகும், கறுப்பு வெளிறும். அசிடேட் குதிரையைக் காற்றுப் புகாத டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ கட்டிப் பரணில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கினால் காடி நெடி வரும். அந்த ஆவி உள்ளேயே அடைபட்டால் சிதைவு வேகமெடுக்கும், குதிரை சுருங்கிக் கோணிப்போகும். மூக்கில் காடி அடித்தால் அந்தக் குதிரையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட வேண்டும், திரும்பச் சரியாகாது. பிவிசி வேறு விதமாகப் படுத்தும். வருடங்கள் போனால் மேலே பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினால் போதும். கரையானுக்குப் பயந்து அந்துருண்டை போடும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த அலமாரியில் மட்டும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் வண்ணத்தையும் கரைக்கும், அசிடேட்டையும் கரைக்கும்.

வாங்கும் வழி. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டிலிருந்து தனி ஆளாகத் தருவிக்கும் பார்சலுக்கு வேறு தலைப்பில் கணக்குப் போடுவார்கள் என்றாலும், குதிரையின் விலை, அனுப்பும் கூலி, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். உள்நாட்டில் ஒருவர் வைத்திருந்து விற்பதை வாங்குவது மேல். அப்போது நான்கு குளம்பின் அடி, இரண்டு காதின் நுனி, வயிற்று முத்திரை, ஒட்டுக்கோடு இவற்றுக்குத் தனித்தனியாகப் படம் கேளுங்கள். நான் ஒருமுறை பக்கவாட்டுப் படத்தை மட்டும் நம்பினேன். வந்த குதிரைக்கு மறுபக்கக் காது இல்லை. விற்றவரைக் கேட்டால், "படத்தில் தெரிந்த காது இருக்கிறதல்லவா" என்றார்.

அந்தக் காதை எம்-சீல் என்ற ஒட்டுமாவு வைத்து நானே செய்தேன். இரண்டு நிற மாவையும் பிசைந்து, ஊசியால் உருட்டி, இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை. இப்படி மாற்றிச் செய்வதே இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய கிளை. வெளிநாடுகளில் நடக்கும் போட்டிகளில் தொழிற்சாலை வண்ணத்தோடு இருப்பது ஒரு பிரிவு, கையால் மாற்றியது வேறு பிரிவு. புகைப்படம் அனுப்பிக் கலந்துகொள்ளும் போட்டிகளும் இருப்பதால் பெருந்துறையிலிருந்தே இறங்கலாம். மலிவாகக் கிடைக்கும் குட்டிக் குதிரையில் பழகுங்கள். மார்வாரிக் காது செய்து பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். நிறுத்தப்பட்ட அச்சுகளும் குறைந்த எண்ணிக்கையில் வந்தவையும் ஏறும்; அவை நமக்குக் குதிரைக் கொம்பு. மற்றவை பெட்டியைப் பிரித்த அன்றே இறங்கும். உங்கள் அப்பாவின் ஆட்டுக்குட்டிக் கணக்கு சரியான கணக்கு, அதோடு மோதாதீர்கள். சம்பளத்தில் மாதம் இவ்வளவு என்று ஒதுக்கி, அது தீர்ந்தால் அந்த மாதம் இல்லை என்று இருங்கள். முடிந்தால் அவரையும் அந்தியூருக்குக் கூட்டிப் போங்கள். மாடு பிடித்துப் பழகியவராக இருந்தால் குதிரையின் காலைப் பார்த்து நான் சொன்னதைவிட அதிகம் சொல்வார்.

சந்தைக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் குதிரைகளைத் தார்ப்பாய் நிழலுக்குள் கட்டிவிடுவார்கள், நிறம் தெரியாது. கைப்பேசியில் படம் எடுக்கும் முன் குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கை, காதை, நான்கு குளம்பை அருகில் எடுங்கள். பின்னங்காலுக்கு மட்டும் பக்கவாட்டில் தள்ளி நின்று எடுங்கள்.